நல்ல பாரமான கார்

அதிலை இராதையும் தம்பி. அந்தச் சீற்றுக்குக் கீழை சூடு வராது. இஞ்சாலை வாரும், இதுக்குக் கீழைதான் ஹீற்றர் போகுது. மூண்டு வருசமா இந்த பஸ்ஸிலை போய் வாறன், எந்தச் சீற்றுக்கு என்ன குணம் எண்டு எனக்குத் தெரியும். இரும், இரும். பையைக் கீழை வையாதையும், ஸ்நோத் தண்ணியிலை ஊறிப்போடும். மடியிலை வையும்.

எப்பிடித் தமிழ் எண்டு பிடிச்சனெண்டு பாக்கிறீரோ? போனிலை "வை, பேந்து எடுக்கிறன்" எண்டு சொன்னீரெல்லோ. அந்தப் "பேந்து" ஒண்டே போதும் எனக்கு. எங்கை, ரொறன்ரோவிலை இருந்து வந்தனீரோ? வந்து எத்தினை மாசம்? மூண்டோ? அப்ப இதுதான் உமக்கு வினிப்பெக்கிலை முதல் வின்ரர். அங்கை நீங்கள் வின்ரர் எண்டு சொல்லுறதுக்கு நாங்கள் இஞ்சை சட்டையோடை திரிவம்.

போனிலை கார் வாங்கிற கதை ஒண்டு கதைச்சீர். நான் ஒட்டுக் கேக்கேல்லை, காதிலை விழுந்தது. புதுக்கார் வாங்கப் போறீரோ? விசரே உமக்கு! புதுக்கார் எல்லாம் பிளாஸ்ரிக் தம்பி. ஆறுதலாத் தேடி ஒரு பழைய ஸ்ரேசன் வாகன் வாங்கும். என்னட்டை ஒண்டு நிக்குது. எந்தக் கொம்பனி எண்டு சொல்லமாட்டன், சொன்னால் நாளைக்கே எல்லாரும் அதைத் தேடி அடிபடுவாங்கள். இஞ்சை தமிழாக்களிட்டைப் போய் "வாகன் சிங்கத்தார்" எண்டு கேட்டுப் பாரும். என்ரை முழுப்பேர் பரராசசிங்கம். அது ஒருத்தருக்கும் தெரியாது. வாகனை எல்லாருக்கும் தெரியும்.

இதுவோ? இது சாப்பாடு. மனிசிக்கு. புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும், பிளாஸ்கிலை இஞ்சித் தேத்தண்ணி. ரவுணிலை பன்னிரண்டு நாப்பதுக்கு அவவுக்கு இடைவேளை. நான் பதினொண்டரைக்கே ஏறிடுவன். இந்த பஸ் வடக்கு முடிவு மட்டும் போய், திரும்பி, மறுபடி எங்கடை வீட்டு வாசலைத் தாண்டித்தான் ரவுணுக்குப் போகும். எனக்கு ஒரு சுத்துக் கூடத்தான். ஆனா சூடாயிருக்கு. வீட்டிலை தனிய இருந்து சுவரைப் பாத்து என்ன செய்யிறது?

பையிலை பேர் எழுதியிருக்கு, பாரும். கமலாசனி. அவவின்ரை கையெழுத்து. இந்தப் பைக்கு ஒரு கதை இருக்கு. காரோடை சேர்ந்த கதைதான். கேளும், கார் வாங்கப் போற உமக்குப் பிரியோசனப்படும்.

மெதுவாக் கதைப்பம். ட்றைவர் கண்ணாடியாலை பாக்கிறா.

கார் எடுத்தது நாலு வருசத்துக்கு முந்தி, நவம்பர் மாசம். ஒரு பாதிரியார் ஓடின கார். பாதிரியார் ஓடின கார் பொய் சொல்லாது எண்டு நான் நினைச்சன், சரியாத்தான் நினைச்சன். பின்பக்கத்திலை ஒரு கட்டில் போடலாம், அவ்வளவு நீளம். பாரமெண்டால் அப்பிடியொரு பாரம். ஸ்நோவிலை நிண்டால் அசையாது. மற்றவன்ரை காரெல்லாம் வழுக்கி அங்காலை இஞ்சாலை போகேக்கை என்ரை கார் நிண்ட இடத்திலையே நிக்கும். எத்தினையோ நாள் அப்பிடி நிண்டிருக்கு.

ஹீற்றர் இருக்கு. இல்லையெண்டு ஆர் சொன்னது? மேட்டாலை இறங்கேக்கை வடிவா வேலை செய்யும். வினிப்பெக்கிலை மேடு இல்லை. நூறு மைலுக்குத் தட்டை. அது காரின்ரை பிழையோ? கண்ணாடிக்கு உள்பக்கமும் பனி பிடிக்கும், அதை மனிசி ஒரு பழைய கரண்டியாலை சுரண்டிக்கொண்டே வருவா. ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருந்து வாறதை விட அது நல்லம்தானே.

பற்றறியை மட்டும் கொஞ்சம் பாக்கோணும். இஞ்சை குளிருக்குப் பற்றறி செத்துப்போம். எல்லாரும் காரின்ரை மூக்கிலை இருந்து ஒரு வயரை இழுத்துச் சுவரிலை குத்திவைப்பினம், எஞ்சினைச் சூடாக்க. என்ரை காரிலை அந்த வயர் இருக்கு, ஆனா குத்தினால் கட்டிடத்துக்கே லைற் போயிடும். அதாலை நான் பின்னேரம் பின்னேரம் பற்றறியைக் கழட்டி வீட்டுக்குள்ளை கொண்டு வருவன். எங்கடை அறையிலை ஹீற்றருக்குப் பக்கத்திலை வைச்சு, மனிசியின்ரை கம்பளிச் சால்வையாலை சுத்திவிடுவன். "எனக்கு ஒரு நாள் தன்னும் உப்பிடிப் போத்திவிட்டிருக்கிறியளோ?" எண்டு கேட்டா. பாரும், பற்றறியோடை போட்டி!

சரி, கதைக்கு வாறன். அந்த டிசம்பரிலை அவவுக்கு வேலை கிடைச்சுது. ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையிலை. இந்த நாட்டுக்கு வந்து பதினொரு வருசத்துக்குப் பிறகு முதல் வேலை. பிள்ளையள் வளர்ந்து ஆளுக்கொரு ஊராப் போச்சுதுகள், அவ தானாப் போய் எழுதிப்போட்டு, தானா நேர்முகத்துக்குப் போய் எடுத்த வேலை. அண்டைக்கே கடைக்குப் போய் இந்தப் பையை வாங்கி, மேசையிலை வைச்சுப் பேர் எழுதினா. பள்ளிக்கூடம் போற பிள்ளை கொப்பியிலை எழுதிற மாதிரி, நாக்கைக் கடிச்சுக்கொண்டு. எனக்குச் சிரிப்பு.

அந்த வேலைக்கு ஒரு சட்டம். முதல் மூண்டு மாசமும் பரிசோதனை. அதுக்குள்ளை மூண்டு தரம் லேற்றாப் போனால் வேலை போச்சு. மரிசெல் எண்டு ஒரு பிலிப்பீன் மனிசிதான் மேலாள். நல்ல மனிசி, ஆனா சட்டம் சட்டம்தான். விடிய ஏழு மணிக்கு அங்கை நிக்கோணும். எங்கடை வாசல்லை பஸ் இருக்கு. இதே பஸ்தான். இருபத்தஞ்சு நிமிசத்திலை கொண்டுபோய் ஆஸ்பத்திரி வாசல்லை இறக்கும்.

இப்ப நீர் சொல்லும். வீட்டிலை பாதிரியார் ஓடின ஸ்ரேசன் வாகன் நிக்கேக்கை, என்ரை மனிசி பஸ்ஸிலை போறதோ? நாலு பேர் என்ன கதைப்பினம்? "நான் ஏத்திக்கொண்டு போவன்" எண்டு சொன்னன். "பஸ் போதும், அது நேரத்துக்கு வரும்" எண்டா. அவவிட்டை லைசென்சும் இருந்தது. எப்பவோ எடுத்துப்போட்டுப் பெட்டிக்குள்ளை கிடந்தது. "அப்ப கார்த் திறப்பைத் தாங்கோ, நான் ஓடுறன்" எண்டும் கேட்டா. லைசென்ஸ் இருந்தால் போதுமோ தம்பி? அனுபவம் வேணுமெல்லோ! திறப்பை நான் குடுக்கேல்லை.

முதல் நாள். நல்ல காரியம் தொடங்கிற நாள், காருக்குப் பூசை போடாமல் எடுக்கலாமோ? இஞ்சை ஐயர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதாலை நானே செய்தன். விடிய ஆறு அஞ்சுக்கு நல்ல நேரம். அந்தக் குளிருக்குள்ளை நிண்டு தேசிக்காய் வைச்சுக்கொண்டு மினைக்கெட ஏலாதெண்டு, முதல்நாள் பின்னேரமே நாலு ரயருக்கும் முன்னாலை நாலு தேசிக்காயை வடிவா இறுக்கி வைச்சிட்டன். முன்யோசனை எண்டால் அதுதான்.

விடிய மைனஸ் இருபத்தொன்பது. திருநீறு பூசினன், கற்பூரம் மூண்டு தரம் நூந்து நாலாந்தரம் பத்திச்சுது. தேங்காயைத் தூக்கி ஐஸிலை அடிச்சன். உடைஞ்சால்தானே! உறைஞ்ச தேங்காய் தம்பி, துள்ளிப்போய் வலப்பக்க ஹெட்லைற்றை உடைச்சுது. சரி, ஏதோ ஒண்டு உடைஞ்சால் திருஷ்டி போச்சுதெண்டு ஏறி இருந்து ஸ்ராட் பண்ணினன். ஸ்ராட் வந்தது! கியரைப் போட்டு மிதிச்சன். கார் போகேல்லை. ரயர் அதிலையே சுத்துது. இறங்கிப் பாத்தால் தேசிக்காய் நாலும் கருங்கல்லு மாதிரி இறுகி ஐஸோடை ஒட்டிப்போய் நிக்குது. கார் ஏறமாட்டனெண்டுது.

மனிசி சொன்னா, "இஞ்சாருங்கோ, கொஞ்சம் பின்னுக்கு எடுங்கோ, நான் ஸ்நோ வழிக்கிற சவளாலை தட்டி எடுத்துவிடுறன்."

பின்னுக்கோ! பூசை போட்ட தேசிக்காயை விட்டிட்டு முதல் நாள் காரைப் பின்னுக்கு எடுக்கிறதோ? அபசகுனமெல்லோ! ஏறி நசிச்சுக்கொண்டு முன்னுக்குத்தான் போகோணும் எண்டு நான் ஒரே பிடியா நிண்டன். கொதிதண்ணி கொண்டுவந்து ஊத்தினன். அது ரெண்டு நிமிசத்திலை இன்னும் வழவழ எண்டு ஐஸாப் போச்சு. அவ நேரத்தைப் பாக்கிறா, என்னைப் பாக்கிறா, வாசலாலை போற பஸ்ஸைப் பாக்கிறா. கடைசியிலை அவ நிலத்திலை முழங்காலிலை இருந்து, சவளாலை கொத்தி, ஒவ்வொண்டாக் கிளப்பினா. புது வேலைச் சட்டையோடை.

இருபத்திரண்டு நிமிசம் லேற். ஒண்டு போச்சு. பிழை தேசிக்காயிலைதான். அது மெக்சிக்கோத் தேசிக்காய், தோல் மொத்தம். ஊர்த் தேசிக்காயெண்டால் சத்தமில்லாமல் நசிஞ்சிருக்கும்.

அதுக்குப் பிறகு ஒரு மாசம் நல்லாப் போச்சு. நல்லா எண்டால், அவ நாலரைக்கு எழும்பி, ஸ்நோ வழிச்சு, கண்ணாடி சுரண்டி வைப்பா. நான் அஞ்சரைக்குப் பற்றறியோடை இறங்குவன். பக்கத்துக் காரிலை இருந்து பற்றறிக்குக் கரண்ட் எடுக்க, பூஸ்ரர் வயர் குடுக்க ஆள் பிடிக்கிறதும் அவதான். அவவுக்கு இஞ்சை எல்லாரையும் தெரியும், என்ரை காராலை.

பிறகு தைப்பொங்கல் வந்தது. பொங்கலண்டு வாகனம் கழுவாமல் விடலாமோ? கழுவிற இடத்துக்குக் கொண்டுபோய், மேலும் கீழும் தண்ணி அடிச்சு, சந்தனம் குங்குமம் வைச்சு, அதை நீர் பாத்திருக்கோணும், மாப்பிள்ளை மாதிரி நிண்டுது. அண்டைக்கு அப்பிடி வேறை ஒருத்தரும் கார் கழுவ வரேல்லை. அங்கை வேலை செய்யிற வெள்ளைப் பொடியன் என்னை ஒருமாதிரிப் பாத்தான். அவனுக்கு என்ன தெரியும் பொங்கலைப் பற்றி.

அடுத்தநாள் விடிய அஞ்சு கதவும் திறக்கேல்லை. தண்ணி உள்ளை போய் இறுகிப்போச்சு. மனிசி தலைமயிர் காய வைக்கிற மிசினைக் கொண்டு வந்து, நீள வயர் குத்தி, பின்கதவுக்குச் சூடு பிடிச்சா. அரைமணித்தியாலத்திலை பின்கதவு மட்டும் திறந்துது. எனக்கு முழங்கால் ஏலாது, அது உமக்குத் தெரியாது. அதாலை அவதான் பின்பக்கத்தாலை ஏறி, தவண்டு, சீற்றுகளுக்கு மேலாலை விழுந்து, ஸ்ரியறிங்குக்குப் போய்ச் சேந்தா. "திறப்பைத் தாங்கோ" எண்டா. எறிஞ்சன். வேறை வழி? நான் பின்னுக்கு ஏறிப் படுத்தன். எழும்பி இருக்க இடமில்லை, பொங்கல் பானையும் அடுப்பும் அதுக்குள்ளைதான் கிடந்தது.

அண்டைக்குத்தான் அவ முதன்முதல் ஸ்நோவிலை ஓடினது. நான் படுத்துக்கொண்டு முகட்டைப் பாத்து, "இப்ப இடப்பக்கம்! இப்ப பிறேக்!" எண்டு வழி சொல்லிக்கொண்டு வந்தன். எனக்கு றோட்டுத் தெரியாது, ஆனா உணர்விலை தெரியும். பதினேழு நிமிசம் லேற். அது கதவு திறக்கிறதிலை போன நேரம். என்ரை வழியிலை ஒரு பிழையும் இல்லை.

ரெண்டு போச்சு. மரிசெல் கூப்பிட்டு, "இன்னும் ஒருதரம் எண்டால் என்னாலை ஒண்டும் செய்யேலாது" எண்டு சொல்லியிருக்கிறா. அண்டையிலை இருந்து வீட்டிலை வேறை கதை இல்லை. கலண்டரிலை ஒவ்வொரு நாளா வெட்டிக்கொண்டு வந்தா. இன்னும் முப்பது நாள். இன்னும் இருபது நாள். அந்த வேலை அவவுக்கு அவ்வளவு முக்கியம் தம்பி. சாப்பாட்டுத் தட்டிலை நோயாளியின்ரை பேரைப் பாத்து, தானா ஒரு துண்டுப் பழத்தைக் கூட வைச்சுவிடுவாவாம். அதைச் சொல்லேக்கை முகம் ஒரு மாதிரி மலரும்.

நான் சும்மா இருந்தனோ? வேலையைப் பிரிச்சன். சீற்றிலை இருந்து திறப்பைத் திருப்பிறதும் மிதிக்கிறதும் ஸ்ரியறிங்கைத் திருப்பிறதும் அவ. வெளியிலை நிண்டு பொனற்றைத் திறந்து, பாத்து, இப்பிடிச் செய், அப்பிடிச் செய் எண்டு சொல்லுறது நான். விசயம் தெரிஞ்ச ஆள் வெளியிலைதான் நிக்கோணும். உள்ளை இருந்து ஸ்ரியறிங் பிடிக்கிறது ஆரும் செய்யிற வேலை. ஸ்நோவுக்குள்ளை புதைஞ்சால் முன்னுக்கு ஒரு சாண், பின்னுக்கு ஒரு சாண், தொட்டில் ஆட்டிற மாதிரி ஆட்டி ஆட்டி எடுக்கோணும். அந்த வின்ரரிலை அவ எத்தினை நாள் அப்பிடி ஆட்டியிருப்பா எண்டு கணக்கில்லை. எல்லாம் நான் சத்தம் போட்டுச் சொல்லிக் குடுத்தது.

இந்தா, ஆரோ ஏறினம். ஊன்றுகோலோடை அந்தக் கிழவி இருக்கும் மட்டும் பஸ்ஸை எடுக்கேல்லைப் பாத்தீரோ? பிறகு எடுத்ததும் தெரியேல்லை. அதுதான் ஓட்டம். சரி, கேளும்.

பெப்ரவரிக் கடைசி. கலண்டரிலை இன்னும் மூண்டே மூண்டு நாள். அண்டைக்கு மைனஸ் நாப்பத்தொண்டு. விடிய நான் எழும்பிப் பாத்தால், ஆள் சப்பாத்தும் போட்டு, பையும் தோளிலை போட்டு, சத்தமில்லாமல் கதவைத் திறக்கிறா. பஸ்ஸுக்கு! எனக்குச் சொல்லாமல்! மூண்டு மாசமா அந்தக் குளிருக்கை ஒரு மனிசன் பாடுபட்டதுக்கு இதோ மரியாதை?

எனக்கும் றோசம் வந்திட்டுது. பற்றறியைத் தூக்கிக்கொண்டு பின்னாலை இறங்கினன். அண்டைக்கெண்டு கார் ஒரே தடவையிலை ஸ்ராட் வந்தது தம்பி! தனக்கும் றோசம் போலை. ஓடிக்கொண்டு போய் அவ நிக்கிற பஸ் ஸ்ரொப்பிலை நிப்பாட்டி, யன்னல் இறங்காது, கதவைத் திறந்துகொண்டு கத்தினன். "கமலா, ஏறும்! ஆக்கள் பாக்கினம்!"

றோட்டிலை ஒரு குஞ்சு இல்லை. எண்டாலும் பாப்பினம்தானே.

அவ என்னைத் திரும்பிப் பாக்கேல்லை. "எனக்கு இன்னும் மூண்டு நாள்தான் இருக்கு. அந்த மூண்டு நாளைக்கு மட்டும் என்னை விடுங்கோ. கும்பிட்டன்." அப்பிடிச் சொன்னா. குரல் நடுங்கினது. குளிர் அப்பிடி.

நான் அங்காலை எடுத்திருப்பன். பஸ் வாறதும் தெரியுது, நான் விசரனோ? ஆனா கார் அதிலையே நிண்டுபோச்சு. ரெண்டு பக்கமும் ஸ்நோ ஆள் உயரத்துக்குக் குவிச்சுக் கிடக்கு, நடுவிலை ஒரு வாகனம் போற அகலம். அதிலை என்ரை வாகன். அதுக்குப் பின்னாலை முழு பஸ். பஸ்ஸுக்குள்ளை வேலைக்குப் போற அம்பது சனம். ஹோர்ன் அடிக்கிறாங்கள். நான் வழமை போலை இறங்கிப் பொனற்றைத் திறந்தன்.

பஸ் ட்றைவர் இறங்கி வந்தா. ஒல்கா எண்டு ஒரு பெரிய மனிசி, என்னிலும் ஒரு முழம் உயரம். எனக்கு ஏதோ சொன்னா, அது நல்ல வார்த்தை எண்டு நான் நினைக்கேல்லை. அப்ப மனிசி பையை ஸ்நோவுக்கு மேலை வைச்சிட்டு வந்து காரிலை ஏறினா. "பொனற்றைச் சாத்துங்கோ" எண்டா. அவ்வளவுதான் சொன்னா. திறப்பைத் திருப்பினா, விட்டா, காத்திருந்தா, திரும்பத் திருப்பினா. ஸ்ராட். முன்னுக்கு ஒரு சாண், பின்னுக்கு ஒரு சாண். நான் முன்னாலை நிண்டு "வலம்! வலம்!" எண்டு கத்தினன். அவ இடம் திருப்பினா. பனியிலை அப்பிடித்தான் திருப்போணும், நான் சொல்ல நினைச்சதும் அதுதான். ஒரு வழுக்கல் இல்லை, ஒரு உரசல் இல்லை, அந்தப் பெரிய வாகனைப் பக்கத்து வளவுக்குள்ளை பின்பக்கமா விட்டு, நிப்பாட்டி, திறப்பை என்ரை கையிலை தந்தா.

ஒல்கா வாயைத் திறந்துகொண்டு நிண்டா. "உப்பிடி ஓட எங்கை பழகினனீ?" எண்டு கேட்டா. மனிசி காரைக் கையாலை காட்டினா. என்னையும் சேர்த்துத்தான் காட்டினது. "பஸ் ஓட ஆள் தேடினம், வந்து கதை" எண்டு ஒல்கா ஒரு துண்டிலை நம்பர் எழுதிக் குடுத்தா.

ஆனா ஆஸ்பத்திரிக்குப் போகேக்கை முப்பத்தொரு நிமிசம் லேற். மூண்டு. மரிசெல் அழுதுகொண்டுதான் சொன்னாவாம்.

பின்னேரம் எண்டு நான் பாத்துக்கொண்டிருக்க, காலமை பத்து மணிக்கே வந்திட்டா. இந்தப் பையை மேசையிலை வைச்சா. உள்ளை சாப்பாடு அப்பிடியே இருந்தது. கோட்டுக் கழட்டாமல் கதிரையிலை இருந்தா. ஒரு சொல்லுத் திட்டேல்லை தம்பி. திட்டியிருந்தால் நானும் ரெண்டு சொல்லுச் சொல்லிச் சரிக்கட்டியிருப்பன். கலண்டரைப் பாத்துக்கொண்டு அப்பிடியே இருந்தா. எனக்கு நெஞ்சுக்குள்ளை என்னவோ செய்தது. பற்றறி தூக்கினதாலை எண்டு நினைக்கிறன். அண்டைக்குப் பின்னேரம் பற்றறிக்குச் சுத்தின சால்வையை எடுத்து அவவுக்குப் போத்திவிட்டன். பற்றறி செத்துப்போச்சு. சாகட்டும் எண்டு விட்டிட்டன்.

அடுத்த கிழமை அந்த நம்பருக்கு எடுத்தா. பஸ் ஓடப் பழகப் போனா. ஐஸிலை வழுக்கவிட்டுத் திருப்பிக் கொண்டுவாற சோதினையிலை அவதானாம் முதலாம் ஆள். பாரும், நான் மட்டும் அண்டைக்கு அந்த ஸ்ரொப்பிலை காரை நிப்பாட்டாமல் விட்டிருந்தால் இந்த வேலை கிடைச்சிருக்குமோ? ஒருக்கா இதை வீட்டிலை சொன்னன். அண்டைக்கு எனக்கு வெறும் பாண்தான் சாப்பாடு.

என்ன, முழிக்கிறீர்? எட, இவ்வளவு நேரமும் ஆற்றை கதையெண்டு கேட்டனீர்? முன்னாலை பாரும். அந்தச் சிவப்புத் தொப்பி. அவதான் கமலாசனி.

ஓம், இந்த பஸ்தான். மூண்டு வருசமா. ஒரு நாள் லேற் இல்லை, ஒரு நிமிசம் லேற் இல்லை. போன மாசம் நான் சாப்பாட்டோடை வாசல்லை இறங்க ரெண்டு நிமிசம் பிந்திப்போச்சு. கையைக் காட்டிக்கொண்டு ஓடி வாறன், என்னைப் பாத்தா, கண்ணுக்குக் கண் பாத்தா, எடுத்துக்கொண்டு போட்டா! பின்னேரம் கேட்டால், "லேற்றா வாறவைக்கு பஸ் நிக்காது" எண்டுறா. கட்டின புருசனுக்கு! எண்டாலும் தம்பி, அந்தச் சந்தியாலை அவ திருப்பிக்கொண்டு போன வடிவிருக்கே, நான் குளிரிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன்.

காரோ? கார் இருக்கு, சொன்னனெல்லோ. நேற்றுக்கூட எடுத்தனான். வாசலைத் தாண்டி ஒரு நூறு யார் போச்சுது, பிறகு அதிலை ஓய்வெடுக்குது. ராத்திரி கொட்டின ஸ்நோவிலை பாதி மூடிப்போச்சு. இண்டைக்குக் காலமை நான் இறங்கி வழிச்சு உள்ளை கொண்டுவருவம் எண்டு வெளிக்கிட, மனிசியே சொன்னா, "உந்தக் குளிருக்கை மினைக்கெடாதேங்கோ, கார் அதிலையே நிக்கட்டும்" எண்டு. பாத்தீரோ! நாலு வருசத்துக்குப் பிறகு இப்பதான் அவவுக்கும் அந்தக் கார் மேலை ஒரு பட்சம் வந்திருக்கு. எந்த றோட்டை எப்ப வழிக்கிறாங்கள், எதிலை வாகனம் நிக்கக்கூடாது எண்டெல்லாம் வேலையிலை அவவுக்கு முதலே அறிவிப்பினம். அவ சொன்னால் சரியாத்தான் இருக்கும்.

இந்தா, எங்கடை கட்டிடம். இதுதான் வாசல். இண்டைக்கு இதிலை ஒருத்தரும் ஏறேல்லை. இனி ரவுண்தான். கார் இப்ப உம்மடை பக்கம் தெரியும், பாரும், அந்த... அட!

அட, அட, அட! தம்பி, அந்த இழுக்கிற லொறியைப் பாரும்! என்ரை காருக்கெல்லோ சங்கிலி போடுறான்! முன்பக்கத்தைத் தூக்கிப்போட்டான்! பின்னாலை ஸ்நோ வழிக்கிற மிசினும் நிக்குது! கமலா! கமலா, நிப்பாட்டும்! நிப்பாட்டப்பா, கார்!

கேட்டீரோ? மைக்கிலை சொல்லுறா. பஸ் முழுக்கக் கேக்குது. "இஞ்சாருங்கோ, இதிலை ஸ்ரொப் இல்லை. அடுத்ததிலைதான் நிப்பாட்டலாம். மணியை அடியுங்கோ."

மணியை அடியும் தம்பி! எனக்கு எட்டாது, அடியும்! இண்டைக்கு இந்த றோட்டு வழிக்கிற நாளெண்டு அவவுக்குத் தெரிஞ்சிருக்குமே. மறந்துபோட்டா. பாவம், வேலைக் களைப்பு. தள்ளும், தள்ளும், நான் இறங்கோணும். ஓடினால் பிடிக்கலாம். அவன் இன்னும் பின்சங்கிலி போடேல்லை. அவனுக்கு எடுத்துச் சொன்னால், பாதிரியார் ஓடின கார் எண்டு சொன்னால்...

நிப்பாட்டிப் போட்டா. கதவு திறந்திட்டுது. கண்ணாடியாலை என்னைத்தான் பாக்கிறா.

பாத்தீரோ, இறங்குங்கோ எண்டும் சொல்லேல்லை, இருங்கோ எண்டும் சொல்லேல்லை. நேரத்தையும் பாக்கேல்லை. மூண்டு வருசத்திலை எனக்காக பஸ்ஸை நிப்பாட்டி வைச்சுக்கொண்டிருக்கிறது இதுதான் முதல் தரம்.

இந்தப் பை. பையையும் தூக்கிக்கொண்டு ஓடேலாது. உம்மட்டைத் தந்தால் குடுத்துவிடுவீர், அது தெரியும். ஆனா நான் பக்கத்திலை நிண்டு குடுக்காட்டி அவ அங்காலை வைச்சிடுவா, புட்டு ஆறிப்போடும் தம்பி. ஆறின புட்டை அவ தின்னமாட்டா, அப்பிடியே திரும்பக் கொண்டுவருவா. ஒருக்கா அந்தப் பை அப்பிடித் திரும்பி வந்ததைப் பாத்தனான். போதும்.

குளிர் உள்ளை வருது. அந்தக் கிழவி நடுங்குது.

கமலா! கதவைச் சாத்தும்! பஸ்ஸை எடும், எடும், உமக்கு லேற் ஆகுது!

இரும் தம்பி, நானும் இருக்கிறன். ஒண்டுமில்லை, கண்ணிலை குளிர் பட்டிட்டுது. கார் எங்கை போகப்போகுது? நாளைக்குப் போய் எடுப்பம். அவங்களாலை அதை இழுத்துக்கொண்டு கனதூரம் போகேலாது. நல்ல பாரமான கார்.